திலாவாவில் போனவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள்

ஒன்றிய அரசின் துறைமுகங்கள், கப்பல், நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பல்களில் இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோ ஆபீசராக இருந்தேன். கப்பலில் எங்கள் பெயர் யாருக்கும் வேண்டியிருக்காது. மாலுமிகளின் தலைவரான செராங் முதல் சமையல் செய்யும் பண்டாரி வரை எல்லோருக்கும் நாங்கள் ‘மார்க்கோனி சாப்’தான். 1999 பிப்ரவரியோடு கப்பல்களில் மோர்ஸ் தந்தி முடிந்து சாட்டிலைட் முறை முழுசாக வந்தது. ரேடியோ ரூமைப் பூட்டிச் சாவியை கேப்டனிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். இப்போது எழுபது வயது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் ரொம்ப நாள் இருந்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடம் உங்கள் அமைச்சகம் என்பதால் எழுதுகிறேன்.

1986இல் எங்கள் கப்பல் மொம்பாசாவில் நின்றது. ஒரு மாலை கரைக்குப் போய் பழைய ஊருக்குள் ஒரு குஜராத்திக்காரர் கடையில் தேயிலை வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கப்பலில் என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். ஒயர்லெஸ் என்றேன். தராசைக் கீழே வைத்துவிட்டார். “நான் உயிரோடு உட்கார்ந்திருப்பதே ஒரு ஒயர்லெஸ்காரர் போட்ட புண்ணியம்” என்றார். தேயிலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். 1942இல் அவருக்குப் பத்து வயது. அப்பா மொம்பாசாவில் கடை வைத்திருந்தார். அவரோடு சேர்ந்துகொள்ள அம்மாவும் தங்கையும் இவரும் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் திலாவா. மூன்றாம் இரவு அது மூழ்கியது. இவரை யாரோ தூக்கிப் படகில் போட்டார்கள். அம்மாவும் தங்கையும் படகுக்கு வரவில்லை. இதையெல்லாம் சரக்குக் கணக்கு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் கேட்டார்: “நீங்கள் கப்பல்காரர், தெரிந்திருக்கும். எங்கேயாவது எங்கள் அம்மா பெயரையும் தங்கச்சி பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்களா?”

எனக்குத் தெரியவில்லை. அதுவரை திலாவா என்ற பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. பம்பாயில் பரீட்சை எழுதி, பம்பாயில் கப்பல் ஏறி, அதே கடலில் அத்தனை வருஷம் போய் வந்தவன் நான்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமைச்சகத்தில் இருக்கும் இளைய அதிகாரிகள் பலருக்கும் இந்தக் கப்பல் புதிதாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்.எஸ். திலாவா, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். எங்கள் ஊரில் அந்தக் கம்பெனியைத் தெரியாதவர் இருக்க முடியாது. தூத்துக்குடி – கொழும்பு வழியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டது இந்தக் கம்பெனிக்கு எதிராகத்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் ஆட்கள் இன்றும் பேசுகிற ரஜுலாவும் அதே கம்பெனிக் கப்பல்தான். கிழக்குக் கரைக்கு ரஜுலா எப்படியோ, மேற்குக் கரைக்குத் திலாவா அப்படி. 1924இல் கட்டியது, பத்தாயிரம் டன். பம்பாயிலிருந்து மொம்பாசா, லொரென்சோ மார்க்வெஸ் என்று அன்று பெயரிருந்த மபுட்டோ, டர்பன் என்று போகும். கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடை வைத்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், அவர்களிடம் போய்ச் சேரக் கிளம்பிய பெண்டு பிள்ளைகள். இந்த வகைக் கப்பல்களில் கேபின் சிலருக்குத்தான். மற்றவர்கள் டெக்கில் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும்.

1942 நவம்பர் 20 அன்று மாலை திலாவா பம்பாயை விட்டது. பயணிகள் 732, கப்பல் ஆட்கள் 222, பீரங்கிக்காரர்கள் 4. மொத்தம் 958 பேர். கூட வேறு கப்பல் இல்லை. பாதுகாப்புக்குப் போர்க்கப்பலும் வரவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில்தான் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலில் புகுந்து கப்பல் கப்பலாக மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. மேற்குக் கடலில் அவர்களுடைய நீர்மூழ்கிகள் திரிந்தன. பினாங்கு அவர்கள் கையில் இருந்தது. ஐ-29 என்ற நீர்மூழ்கி அந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பி ஏடன் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

23ஆம் தேதி, அதிகாலை இரண்டு மணி வாக்கில் முதல் டார்பிடோ. கப்பல் இருந்த இடம் செஷல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே 930 மைல். எந்தக் கரையும் கிட்டத்தில் இல்லாத நடுக்கடல்.

முதல் அடியில் கப்பல் மூழ்கவில்லை. படகுகளையும் மிதவைகளையும் இறக்கினார்கள். இறங்கியவர்கள் கப்பலைச் சுற்றியே இருட்டில் மிதந்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் கப்பலிலேயே இருந்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு நீர்மூழ்கி இரண்டாவது டார்பிடோவை விட்டது. அதில் திலாவா போய்விட்டது.

கப்பலின் தலைமை ரேடியோ ஆபீசர் ஈ.பி. டங்கன். கடைசிவரை தன் நாற்காலியை விட்டு எழாமல் உதவி கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தவர். அப்படியே கப்பலோடு போய்விட்டார். மொம்பாசாக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னது இவருக்குத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க அனுமதிக்க வேண்டும். மோர்ஸ் கட்டையைத் தட்டியவன் என்பதால் எனக்கு இதைச் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை. போர்க்காலத்தில் வணிகக் கப்பலின் ரேடியோ ரூம் பேசக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். ஒரு வார்த்தை அனுப்பினாலும் எதிரி திசை கண்டுபிடித்துவிடுவான். மாதக்கணக்காக வாயைத் திறக்காமல் காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த வேலை. அடி விழுந்துவிட்டால் கதை தலைகீழ். அப்போது வாயைத் திறந்தே ஆக வேண்டும். நீர்மூழ்கி தாக்குகிறது என்பதற்கு அந்தப் போரில் தனிக் குறி இருந்தது: எஸ் என்ற எழுத்து நான்கு முறை. எஸ்ஸுக்கு மோர்ஸில் மூன்று புள்ளி, ஆகப் பன்னிரண்டு புள்ளி. அதோடு கப்பலின் பெயர், இருக்கும் இடம். பிறகு திரும்ப முதலிலிருந்து. டைனமோ நின்றால் பேட்டரிக்கு மாற வேண்டும். விளக்குப் போயிருக்கும். தரை சாய்ந்திருக்கும். கதவுக்கு வெளியே ஓடுகிற சத்தம் கேட்கும். இத்தனைக்கும் நடுவே விரல் நடுங்காமல், புள்ளியும் கோடும் பிசகாமல் தட்டினால்தான் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருவனுக்குப் புரியும். நாற்காலியை விட்டு எழுந்தால் தப்பிக்கலாம் என்பது டங்கனுக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

அவர் அனுப்பியது போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதி, பர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து படகுகளில் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டது. சிலரை இன்னொரு கப்பல் எடுத்தது. பிழைத்தவர் 678 பேர். 27ஆம் தேதி பம்பாயில் இறக்கினார்கள். ஒரு வாரத்துக்கு முன் புறப்பட்ட அதே துறைமுகம். இறந்தவர் 280 பேர். அதில் 252 பேர் பயணிகள், 28 பேர் கப்பல் ஆட்கள்.

ஒரு விஷயத்தை மனசு ஆறாமல் சொல்கிறேன். ஆங்கிலக் குறிப்புகளில் பயணிகள் பீதியடைந்து படகுகளுக்கு முண்டியடித்தார்கள், அதனால் சாவு கூடியது என்று வருகிறது. கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: கடலில் போவது அதுதான் முதல் தடவை என்று இருக்கும் பெண்கள், மடியில் பிள்ளை, நடுராத்திரி, இருட்டடிப்பு, கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது. கட்டளைகள் அவர்களுக்குத் தெரியாத மொழியில் வருகின்றன. வேறு எப்படி இருந்திருப்பார்கள்? துறைமுகத்தில் நிற்கும்போது மணியடித்து நடத்தும் படகுப் பயிற்சியிலேயே பழகிய கலாசிகள் லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே வாக்கியம் அவர்கள் பயந்தார்கள் என்பதாக இருக்கக் கூடாது.

அந்தக் கப்பலில் வெள்ளியும் இருந்தது. அன்றைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசு காசு அடிப்பதற்காக வாங்கி, பம்பாயிலிருந்து டர்பனுக்கு அனுப்பிய வெள்ளிக் கட்டிகள். மொத்தம் 2,364. கிட்டத்தட்ட 60 டன். கப்பலோடு அதுவும் அடியில் போனது. இரண்டரை கிலோமீட்டர் ஆழம். எழுபத்தைந்து வருஷம் கழித்து, 2017இல், ஆர்ஜெண்டம் என்ற நிறுவனம் இயந்திரங்களை இறக்கி அத்தனை கட்டிகளையும் மேலே கொண்டுவந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டுபோய் அரசு அதிகாரியிடம் கணக்குக் கொடுத்தது. எடுத்துத் தந்ததற்குக் கூலி கேட்டு அந்த நிறுவனம் இங்கிலாந்தில் வழக்குப் போட்டது. நாங்கள் ஒரு அரசு, எங்கள் மேல் இங்கே வழக்குப் போட முடியாது என்றது தென்னாப்பிரிக்கா. 2020இல் ஒரு தீர்ப்பு, 2022இல் மேல்முறையீட்டில் ஒரு தீர்ப்பு, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. முதல் இரண்டும் எடுத்தவர்கள் பக்கம். கடைசி, தென்னாப்பிரிக்கா பக்கம். கப்பலில் சும்மா சரக்காகக் கிடந்த வெள்ளி, வணிகத்துக்காக ‘பயன்பாட்டில்’ இருந்ததாகுமா என்பதுதான் வழக்கின் மையக் கேள்வி. ஆகாது என்றார்கள் நீதிபதிகள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. சட்டப்படி தேடினார்கள், சட்டப்படி வாதாடினார்கள். ஆனால் 2,364 என்ற எண்ணைப் பார்த்தேன். ஒன்று கூட, ஒன்று குறைய இல்லை. எண்பது வருஷத்துக்கு முன் பம்பாயில் யாரோ ஒரு குமாஸ்தா எண்ணி எழுதிய சீட்டு இன்றைக்கும் செல்லுகிறது. மூன்று நீதிமன்றம் அதை வைத்து நியாயம் பேசியிருக்கிறது. அதே துறைமுகத்தில் அதே வாரம், அதே மாதிரி ஒரு குமாஸ்தா பயணிகள் பட்டியலும் எழுதியிருப்பாரே! மொம்பாசாக் கடைக்காரரின் அம்மாவும் தங்கையும் அதில் இருந்திருப்பார்களே!

பெயர்ப் புத்தகம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையினர், வணிகக் கப்பல்காரர்கள், ஆறாயிரம் பேருக்கு மேல், பெயர் பெயராக எழுதிய புத்தகம். ஒரு பிரதி மும்பையில் மாலுமிகள் இல்லத்தில். இன்னொன்று சிட்டகாங்கில். லஸ்கர் என்று ஒற்றைச் சொல்லில் அழைக்கப்பட்ட நம் செராங், டிண்டல், டோப்பாஸ் எல்லாம் அதில் ஆள் ஆளாக இருக்கிறார்கள். அன்று பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த நான்கு பேரில் ஒருவர் நம்மவர் என்பதை நினைத்தால், அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆனால் அது கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கான புத்தகம். டிக்கெட் வாங்கி ஏறியவர்களுக்கு அதில் பக்கம் கிடையாது. திலாவாவில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள்.

வேறு நாட்டில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1940 செப்டம்பரில் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-48 அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 பிரிட்டிஷ் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். அதோடு பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் திட்டத்தையே அந்த அரசு கைவிட்டது. பன்னிரண்டாம் நம்பர் படகு எட்டு நாள் கடலில் கிடந்து மீண்டது. அதிலிருந்த ஆறு சிறுவர்களையும் பெயர் சொல்லி அறிவார்கள் அந்த நாட்டில். அதே படகில் நம் கப்பல்காரர்களும் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தார்கள் என்பதை நான் எவ்வளவோ நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நம்மவரைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே.

இன்னொன்று: ஸ்டோரா என்ற சரக்குக் கப்பல், 1943இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையருகே டார்பிடோவால் போனது. அதில் இறந்த பீரங்கிக்காரர் ஒருவரின் இரண்டு மகள்கள், எங்கள் அப்பா கிடக்கிற இடத்தில் யாரும் இறங்கித் துழாவக் கூடாது என்று தங்கள் அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். போரில் மூழ்கிய கப்பல்களைத் தொடக் கூடாது என்று அங்கே இருக்கும் சட்டம் வணிகக் கப்பலுக்குப் பொருந்தாது என்றது அரசு. பொருந்தும் என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இரண்டு வருஷத்தில் அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. திலாவா கிடப்பது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில். அந்தச் சட்டம் அங்கே அப்படியே நீளாது என்பது தெரியும். வெள்ளியை எடுக்க அத்தனை ஆழத்துக்கு இயந்திரம் போக முடிந்தது என்றால், அது 280 பேர் போன இடம் என்று ஒரு அரசு அறிவிக்கவும் முடியும்.

இதை ஏன் நாம் மறந்தோம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. திலாவாவை மூழ்கடித்த அதே ஐ-29தான், ஐந்து மாசம் கழித்து, 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்கு அருகே ஜெர்மானிய யூ-180லிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டது. கேப்டனும் அதே ஆள், இசு. அலை கொந்தளிக்கிற கடலில் ரப்பர் படகில் இந்த நீர்மூழ்கியிலிருந்து அந்த நீர்மூழ்கிக்கு நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் மாறினார்கள். மே மாதம் சுமத்ராவுக்கு அருகே சபாங்கில் இறங்கினார்கள்.

நான் வளர்ந்த தெருவில் ஐ.என்.ஏ. தாத்தா ஒருவர் இருந்தார். மலேயாத் தோட்டத்திலிருந்து படைக்குப் போனவர். அவர் சட்டைப் பையில் நேதாஜி படம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அந்த நீர்மூழ்கிப் பயணத்தை அவர் சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் நாங்கள் மூச்சுவிட மாட்டோம். எனக்கு இன்றும் நேதாஜி மேல் உள்ள மரியாதையில் ஒரு இம்மி குறையவில்லை. அந்த நீர்மூழ்கி அதற்கு முன் என்ன செய்தது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் நமக்கு அந்தக் கதை பெருமைக் கதையாகப் போய்விட்டதால், அதே இரும்புக்குழாய்க்கு முன்னால் நின்ற 958 பேரின் கதை எங்கேயும் ஒட்டாமல் போனது என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ்காரருக்கு அவர்கள் காலனிக்காரர்கள். ஜப்பானியருக்கு எதிரி நாட்டுக் கப்பலில் போனவர்கள். சுதந்திர இந்தியாவுக்கு, போர்முனையில் சாகாத, சிறைக்கும் போகாத, எந்தக் கொடியும் பிடிக்காத வெறும் பிரயாணிகள். ஐ-29உம் நீடிக்கவில்லை. 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அதை பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுப் பக்கத்தில் மூழ்கடித்தது. அதிலும் ஏறத்தாழ எல்லோரும் போனார்கள். அவர்களுக்கும் வீட்டில் அம்மாக்கள் இருந்திருப்பார்கள்.

2022இல், எண்பது வருஷம் நிறைந்தபோது, திலாவா குடும்பத்துப் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் மும்பையில் கூடி நினைவுநாள் நடத்தினார்கள். தாங்களாகவே தேடி, ஒருவரையொருவர் கண்டுபிடித்து, பெயர்களைச் சேர்த்து வருகிறார்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதம், தாத்தா சொல்லிக் கேட்டது, ஒரு போட்டோவின் பின்பக்கத்துத் தேதி, இவற்றை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அவர்கள் செய்வது பெரிய வேலை. ஆனால் ஒரு தனி வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினால் ஆவணக் காப்பகம் திறக்கும் விதம் வேறு, ஒரு அமைச்சகம் கடிதம் போட்டால் திறக்கும் விதம் வேறு. அரசுக் கடிதத்துக்கு எவ்வளவு பலம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே நான் கேட்பது இது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மும்பையில் மாநில ஆவணக் காப்பகமும் துறைமுகத்தின் பழைய ஏடுகளும் இருக்கின்றன. லண்டனில் அந்த அரசின் காப்பகம் இருக்கிறது. கென்யா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் நமக்குத் தூதரகம் இருக்கிறது. ஒரு சின்னக் குழுவைப் போட்டு, குடும்பங்கள் சேர்த்து வைத்திருப்பதையும் வாங்கிக்கொண்டு, 280 பெயர்களையும் ஒரே இடத்தில் அரசின் முத்திரையோடு வெளியிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் வீட்டில் பேசும் மொழிகளிலும் வேண்டும். இன்னாரின் மனைவி, இன்னாரின் குழந்தை என்றுதான் பழைய ஏட்டில் இருக்கிறது என்றால், அதையாவது போடுங்கள். ‘ஒரு பெண் குழந்தை, வயது ஆறு’ என்பதும் ஒரு பெயர்தான், ஒன்றும் இல்லாததற்கு.

வெள்ளி எடுக்கப் போனவர்களிடம் கடலடியில் எடுத்த படங்களோ வரைபடங்களோ இருந்தால், குடும்பங்களுக்காக ஒரு பிரதி கேளுங்கள். கேட்டால் தருவார்கள் என்றே நம்புகிறேன். இப்படி ஒரு வேண்டுகோள் போகாமல் யாரும் தாங்களாக அனுப்ப மாட்டார்கள்.

ஏப்ரல் 5ஆம் தேதி தேசியக் கடல்சார் தினம் கொண்டாடுகிறோம். 1919இல் எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய நாள். நல்ல நாள், நானும் சட்டையில் கொடி குத்தியிருக்கிறேன். நவம்பர் 23ஐயும் காலண்டரில் சேருங்கள் என்கிறேன். விடுமுறையோ விழாவோ தேவையில்லை. அன்று காலை நம் துறைமுகங்களில் நிற்கும் கப்பல்கள் ஒருமுறை சங்கு ஊதினால் போதும்.

அப்புறம், லோத்தல். தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் என்று உங்கள் அமைச்சகம் குஜராத்தில் எழுப்பி வரும் இடம். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கப்பல்துறை இருந்த மண்ணில், கடலோடிகளின் கதையை முழுக்கச் சொல்லும் இடமாக அது வர வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களின் ஆசை. சிந்து வெளி மாலுமியும் அங்கே இருக்கட்டும், சோழர் கப்பலும் இருக்கட்டும். ஒரு சின்ன அறையைத் திலாவாவுக்குக் கொடுங்கள். அந்தப் பயணிகளில் நிறையப் பேர் குஜராத்திலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் திரும்பிவர வேண்டிய ஊர் அதற்குப் பக்கம்தான். சுவரில் 280 பெயர். வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

வேறு ஒன்றும் என்றேன், ஒன்று மட்டும் வைக்கலாம். என்னிடம் ஒரு கடிகாரம் இருக்கிறது. நான் கடைசியாக வேலை பார்த்த கப்பலை ஆலங்கில் உடைக்கக் கொண்டுபோனார்கள். கேள்விப்பட்டு நேரில் போய், சாமான் விற்கும் கடை ஒன்றில் அதன் ரேடியோ ரூம் கடிகாரத்தைக் கண்டுபிடித்து வாங்கி வந்தேன். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முகத்தில் இரண்டு சிவப்புத் துண்டு வரைந்திருக்கும். மணி கடந்து 15லிருந்து 18 நிமிஷம் வரை, 45லிருந்து 48 வரை. அந்த மூன்று நிமிஷமும் உலகத்தில் எந்தக் கப்பலும் 500 கிலோஹெர்ட்ஸில் பேசக் கூடாது. எங்கேயாவது யாராவது முங்கிக்கொண்டு சன்னமாகக் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்பதற்காக வைத்த விதி. பாம்பே ரேடியோ, மெட்ராஸ் ரேடியோ, நடுக்கடலில் நாங்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு மணிக்கு இரண்டு தடவை, இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

கடிகாரம் இன்னும் ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்கிறேன். அந்த அறையை நீங்கள் கட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள். துணியில் சுற்றி மடியில் வைத்து ரயிலில் நானே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ ஆபீசர் ஒருவர்,
தூத்துக்குடி.